நொய்ச்சோறும் மீன்தெளிவும்: சைகோனிலிருந்து ஹனோய் வரை

சைகோன், ஞாயிறு

1966-ஆம் ஆண்டின் கடைசியில், இந்திய ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்த என்னைச் சைகோனுக்கு அனுப்பினார்கள். போரிடுவதற்காக அல்ல. 1954-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை வியட்நாமை 17-ஆவது அட்சரேகையில் இரண்டாகப் பிரித்தபோது, போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்த பன்னாட்டு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தது இந்தியா. நான் போய்ச் சேர்ந்த காலத்தில், கண்காணிப்பதற்குப் போர்நிறுத்தம் என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. தெற்கில் லட்சக்கணக்கான அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். வடக்கின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆயினும் ஆணையம் கலைக்கப்படவில்லை. அதன் விமானம் சைகோனிலிருந்து புனோம் பென், வியஞ்சான் வழியாக ஹனோய்க்குப் பறந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதில் சில முறை எனக்கும் இடம் கிடைத்தது.

ஒரே போரின் இரண்டு தலைநகரங்களிலும் தெருவோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவனாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. இப்போது எண்பதைக் கடந்த வயதில், என் இளைய மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறேன். இந்தக் குறிப்புகளில் படைகளையும் தளபதிகளையும் பற்றி எழுதப் போவதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். அந்தப் போரின் நடுவே எனக்குச் சோறு போட்டவர்களைப் பற்றி எழுதப் போகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அநேகமாக எல்லோருமே, போரினால் வேறெங்கிருந்தோ பெயர்க்கப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவர்கள். எந்த ஊர் ஜனங்களைப் போர் எந்தத் திசையில் தள்ளியது என்பதை, தெருவில் எந்தச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அப்போது நான் கற்றுக்கொண்ட பாடம்.

காலையில் நேராகக் கோம் தாம் சாப்பிடப் போனோம். நம் ஊரில் நொய் என்று ஒதுக்குகிறோமே, நெல் குத்தும்போது உடைந்துபோகும் அரிசி, அதுதான் இங்கே இந்தப் பெயர் பெற்ற சோறு. மேக்கோங் ஆற்று வடிநிலத்தில், நல்ல அரிசியை விற்றுவிட்டு உடைந்ததைத் தமக்கென்று வைத்துக்கொண்ட உழவர்களின் உணவு அது. நான் இங்கே இருந்த ஆண்டுகளில் அந்த வடிநிலத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சைகோனுக்கு ஓடிவந்து, கால்வாய் ஓரங்களில் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டார்கள். ஒரு காலத்தில் உலகுக்கே அரிசி ஏற்றுமதி செய்த தென் வியட்நாம், அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவிலிருந்து அரிசி இறக்கிச் சாப்பிடும் நிலைக்கு வந்திருந்தது. ஓடிவந்த பெண்களுக்குத் தெரிந்த தொழில் சமையல். கைக்கெட்டிய பண்டம் நொய். அப்படித்தான் எங்கள் குடியிருப்பு இருந்த சந்தின் முனைக்கு ஓர் அம்மா வந்து சேர்ந்தார்.

இன்று சாப்பிட்ட தட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஆவியில் வெந்த நொய்ச்சோறு, ஒன்றோடொன்று ஒட்டாமல், பொலபொலவென்று இருந்தது. அதன்மேல் கரியடுப்பில் வாட்டிய பன்றி விலாத் துண்டு ஒன்று; சர்க்கரையும் பூண்டும் எலுமிச்சைப்புல்லும் மீன்தெளிவும் (மீனையும் உப்பையும் ஊறவைத்து இறக்கிய தெளிநீர்) தடவி ஊறவைத்ததனால் விளிம்புகள் கருகி மினுமினுத்தன. பக்கத்தில், மெல்லிய இழைகளாக அரிந்து வறுத்த அரிசிப்பொடியில் புரட்டிய பன்றித்தோல். முட்டையும் இறைச்சியும் சேர்த்து அவித்து வில்லையாக அரிந்த துண்டு. காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும். எல்லாவற்றுக்கும் மேலே, சூடான பன்றிக்கொழுப்பில் வதங்கிய வெங்காயத்தாளை ஒரு கரண்டி ஊற்றினார்கள். தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் நூக் மாம், அதாவது மீன்தெளிவு. சர்க்கரையும் எலுமிச்சையும் மிளகாயும் கலந்தது. அதைச் சோற்றின் மேல் விட்டதும் நொய்யின் உடைந்த முனைகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. முழு அரிசிக்கு இந்தக் குணம் கிடையாது. ஆகவே இந்தச் சோற்றை ஏழைமையின் மாற்றுவழி என்று மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சுவையறிந்தவர்கள் கண்டுபிடித்த சோறு இது.

அன்று அந்த அம்மாவின் தட்டில் விலாத் துண்டு கிடையாது. தோலும் வெங்காயத்தாளும் மீன்தெளிவும் மட்டுமே. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன எனக்கு, இரவுப் பணி முடிந்து வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிறகுதான் உறக்கம் வரும்.

சைகோன், திங்கள்

காலை காவ் தாங் தெருவில் இருக்கும் ஹோவா மா கடைக்குப் போனோம். 1958-இல் தொடங்கப்பட்ட கடை இது. இந்த இடத்துக்கு வந்தது 1960-இல். பான் மீ என்னும் வியட்நாமிய ரொட்டிச் சாப்பாட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்தக் கடையில் ஒரு முறை நின்றுதான் போவார்கள். இதைத் தொடங்கிய தம்பதியர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அங்கே பிரெஞ்சு இறைச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்கள். ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு மக்கள் விரும்பிய பக்கம் போய்க்கொள்ள 300 நாள் அவகாசம் தரப்பட்டபோது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கை விட்டுத் தெற்கே வந்தார்கள். அந்த இடப்பெயர்ச்சியின் கதை இந்தச் சந்தில் இன்றும் இரும்புக் கடாயில் பொரிந்துகொண்டிருக்கிறது. கைப்பிடியளவுக் கடாயில் இரண்டு முட்டை, பன்றியிறைச்சி வில்லைகள், வெங்காயம். கூடவே மேலோடு மொறுமொறுக்கும் நீண்ட ரொட்டி. காலை பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதால், போக நினைப்பவர்கள் விடிந்ததும் போய்விடுவது நல்லது.

பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டி, அவர்கள் இருந்தவரை வெண்ணெயோடும் தட்டோடும் மேசையில்தான் இருந்தது. அவர்கள் போன பிறகே அது இரண்டாகப் பிளக்கப்பட்டு, உள்ளே ஈரல் விழுதும் ஊறுகாயும் கொத்தமல்லியும் மிளகாயும் அடைக்கப்பட்டு, கையில் பிடித்துக்கொண்டே வேலைக்கு நடக்கும் உணவாயிற்று. எங்கள் தந்தி அறைக்கு எதிரே நின்ற ரொட்டி வண்டியில் நானும் வாங்கியிருக்கிறேன். மாட்டிறைச்சி தொடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை அந்த வண்டிக்காரர் ஒரே நாளில் புரிந்துகொண்டு, என்னைக் கண்டாலே முட்டையை எடுத்து உடைப்பார்.

அதே காரணத்தினால்தான் ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸ் சூப்பையும் நான் கோழிச் சாறில் மட்டுமே சாப்பிட்டேன். மாட்டெலும்பில் கொதிக்கும் ஃபோதான் முதல் வடிவம். கோழி ஃபோ 1930-களின் இறுதியில் ஹனோயில் வந்தது என்பார்கள், வாரத்தில் சில நாட்கள் மாட்டிறைச்சி விற்கப்படாததால். வடக்கிலிருந்து வந்தவர்களோடு அதுவும் தெற்கே வந்து, அறுபதுகளில் ஹியென் வூவோங் தெருவில் வரிசையாகக் கடைகள் முளைத்திருந்தன. இன்று அந்தத் தெருவின் பெயர் வோ தி சாவ். மாலையில் மகளை அழைத்துக்கொண்டு அங்கே நடந்தேன். பழைய கடை எதையும் என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் தெருவின் அகலமும் மரங்களின் உயரமும் மனத்தில் இருந்தபடியே இருந்தன.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஃபோ பின் இருக்கிறது. அன்று அந்தத் தெருவுக்கு யென் தோ என்று பெயர். இன்று லீ சின் தாங், 7-ஆம் எண். கீழே மாட்டு ஃபோ விற்ற அந்தச் சிறிய கடையில் அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். மேல்மாடியிலோ, வடக்கின் பக்கம் நின்று போரிட்ட கொரில்லாக்கள் 1968-இல் டெட் என்னும் புத்தாண்டு நாளில் சைகோன் நகருக்குள் நடத்திய தாக்குதலுக்கான ரகசியக் கட்டளையிடம் இயங்கியது. உரிமையாளர் நோ தோவாய் கிண்ணங்களைப் பரிமாறியபடியே மாடியில் இருந்தவர்களைக் காத்துவந்தார். தாக்குதலுக்குப் பிறகு கைது செய்யப்பட்டு கோன் தாவ் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இப்போது மாடியில் படங்களும் பொருள்களும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கீழே இருந்த மேசையில் நாங்கள் அமர்ந்தபோது மகள் கேட்டாள்: “அப்பா, சாப்பிட வந்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லையா?” சாறு நன்றாக இருக்கும் கடையில் யாரும் அண்ணாந்து மாடியைப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குத் தோன்றிய பதில்.

சைகோன், செவ்வாய்

டெட் என்பது வியட்நாமியரின் சந்திரப் புத்தாண்டு. 1968 ஜனவரி 30-ஆம் தேதி இரவு வரை ஊர் முழுவதும் வெடிச் சத்தம் கேட்டது. அது கொண்டாட்டத்தின் வெடிச் சத்தம். அடுத்த நாள் விடிவதற்குள் வேறு சத்தம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு: அந்த நாட்களில் என் காது தேடியது, துப்பாக்கி ஓய்ந்ததா என்பதை அல்ல, ஹு தியூ பையனின் மூங்கில் தட்டும் ஓசையை.

ஹு தியூ, தென் சீனக் கடற்கரையிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த அரிசி நூடுல்ஸ். பன்றியெலும்புச் சாறு, இரண்டு மூன்று மெல்லிய இறைச்சி வில்லைகள், பொரித்த கொழுப்புத் துணுக்குகள், பூண்டுத்தாள், பயறு முளை. வண்டி முதன்மைத் தெருவில் நிற்கும். ஒரு பையன் மட்டும், கையில் இரண்டு மூங்கில் துண்டுகளைத் தட்டிக்கொண்டு சந்து சந்தாக நுழைவான். வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தால் போதும். ஓடிப்போய் வண்டியில் சொல்லி, ஆவி பறக்கும் கிண்ணத்தைத் தட்டில் ஏந்தி வருவான். பிறகு ஒரு சுற்று வந்து, காலிக் கிண்ணங்களையும் காசையும் வாங்கிப் போவான். எந்த வீட்டில் எத்தனை கிண்ணம், யாருக்கு மிளகாய் வேண்டாம் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். ஊரடங்கு மணி நெருங்க நெருங்க அவனுடைய தட்டலும் வேகமாகும். பன்னிரண்டு வயதுகூட இருக்காது. மத்திய வியட்நாமிலிருந்து வந்த குடும்பம் என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள்.

டெட் தாக்குதல் தொடங்கியதும் அந்த ஓசை நின்றுபோயிற்று. சந்தைகள் மூடப்பட்டன. நாங்கள் குடியிருந்த வீட்டை விட்டு நகர வேண்டாம் என்று உத்தரவு. அந்த நாட்களில் எங்களுக்குப் பசி தெரியாமல் காத்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த பான் தேத். பண்டிகைக்கென்று தெற்கில் வீட்டுக்கு வீடு செய்யும் பண்டம் இது: பசையரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றிக்கொழுப்பும் வைத்து, வாழையிலையில் உருளையாகச் சுற்றி, நாரினால் இறுகக் கட்டி, பெரிய அண்டாவில் இரவு முழுக்க வேகவைப்பார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் பல நாள் கெடாமல் இருக்கும். பண்டிகை நாட்களில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம், அந்த ஆண்டு அடுப்பு மூட்ட வழியில்லாதவர்களைக் காப்பாற்றியது.

பாட்டி அதை அரிந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கத்தி எடுக்கவில்லை. கட்டியிருந்த நாரை அவிழ்த்து, இலையைப் பாதி உரித்து, அதே நாரை உருளையைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, ஒரு முனையைப் பல்லிலும் மறு முனையைக் கையிலும் பிடித்து இழுத்தார். பச்சை விளிம்பும் மஞ்சள் நடுவுமாக வட்டத் துண்டு விழுந்தது. கத்தியில் ஒட்டிக்கொள்ளும் பசையரிசி நாரில் ஒட்டுவதில்லை. வெளியே வானம் சிவந்து கிடந்த இரவில், அந்த அம்மையார் எட்டுப் பேருக்கும் சம அளவில் துண்டுகள் போட்டார். எங்கள் பக்கம் யார், எதிர்ப் பக்கம் யார் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. நாட்கள் கடந்து இலை உலர்ந்த பிறகு, துண்டுகளை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார். அதுவே முதல் நாளைவிடச் சுவையாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, சந்தின் கோடியில் மூங்கில் ஓசை கேட்டது. பையன் வேறு, வண்டியும் வேறு. முதலில் வந்த பையன் என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை. நான் அவனுக்காக இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பையன்கள் அருகிவிட்டார்கள், வண்டிகள் இருக்கின்றன. இன்றிரவு எங்கள் விடுதிக்குப் பின்புறச் சந்தில் ஒரு வண்டியில் சாப்பிட்டோம். கொழுப்புத் துணுக்கின் மொறுமொறுப்பு மாறவில்லை.

கூ சி, புதன்

சைகோனுக்கு வடமேற்கே, அமெரிக்கர்களை எதிர்த்த கொரில்லாக்கள் மண்ணுக்கடியில் மறைந்து வாழ்ந்த கூ சி சுரங்கங்களுக்குப் போய் வந்தோம். 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்த அந்த வலைப்பின்னலைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள்; எனக்கு வேண்டியிருந்தது அதன் சமையலறை. ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையல்காரர், பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரின்போது அமைத்த அடுப்பு முறையே இங்கும் பயன்பட்டது. அடுப்பிலிருந்து பல கால்வாய்களை மண்ணுக்கடியில் வெட்டி, மேலே தழையும் ஈரமண்ணும் பரப்பி, புகையைத் தூரத்தில் மெல்லியதாகக் கசியவிடுவது. விடியற்பனியில் அது கலந்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரியாது.

பார்க்க வருபவர்களுக்கு அங்கே வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் உப்பும் சர்க்கரையும் சேர்த்து இடித்த பொடியும் கொடுக்கிறார்கள். நாங்கள் சைகோனில் விலாவும் ரொட்டியும் தேடி அலைந்த அதே மாதங்களில், முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணுக்குள் இருந்தவர்கள் இதை உண்டுதான் உயிர் வாழ்ந்தார்கள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டே எழுந்தேன்.

சைகோன், வியாழன்

ட்ரூவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குக் காலையில் போனோம். தமிழர்கள் கட்டிய கோயில். இன்று வந்து கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செட்டியார்களும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்களும், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இந்த ஊரில் வாழ்ந்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் தோங் சு தெருவில் இருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற தடம் தெருச் சட்டியிலும் உண்டு: கோழிக் கறிக்குழம்பு. மஞ்சளும் மசாலாவும் நம்முடையவை. ஆனால் அதில் எலுமிச்சைப்புல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நிறையத் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, நீர்க்க, சற்றே இனிப்பாக இருக்கும். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இதை எங்கள் ஊர்க் குழம்போடு ஒப்பிட்டுக் குறை சொன்ன நண்பர்கள் அன்று இருந்தார்கள். நான் அவர்களோடு சேர்ந்ததில்லை. ஒரு குழம்பு கடல் தாண்டி வந்து இன்னொரு மக்களின் வீட்டுச் சமையலாகிவிட்ட பிறகு, அதற்கு அவர்களே சொந்தக்காரர்கள்.

மாலையில் லே லோய்த் தெருவும் பாஸ்டர் தெருவும் சந்திக்கும் முனைக்குப் போய் நின்றேன். அறுபதுகளில் சைகோன் மாணவர்கள் அத்தனை பேரும் கூடிய கரும்புச்சாற்றுக் கடை அங்கேதான் இருந்தது. வியென் தோங் என்று பெயர். சிறிய பச்சை எலுமிச்சையைக் கரும்போடு சேர்த்தே ஆலையில் கொடுத்துப் பிழிவார்கள்.

தா நாங், வெள்ளி

ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆணையத்தின் நிலையான குழுக்கள் அமர்த்தப்பட்ட ஊர்களில் தா நாங்கும் ஒன்று. நான் குறுகிய பணிக்காக அங்கே போயிருந்தபோது, அது அமெரிக்கர்களின் பெரிய தளமாகியிருந்தது. 1965 மார்ச் 8-ஆம் தேதி அவர்களுடைய மரைன் படையினர் கரையேறிய கடற்கரையை அடுத்துத்தான் நாம் ஓ என்னும் மீனவர் ஊர் இருக்கிறது; மீன்தெளிவுக்குப் புகழ்பெற்ற ஊர். கடலில் போர்க்கப்பல்கள் நின்ற காலத்திலும் அங்கே நெத்திலியும் உப்பும் பீப்பாயில் ஊறிக்கொண்டிருந்தன. ஓராண்டுக்கு மேல் பொறுமையாக ஊறினால்தான் அடியில் செந்தேன் நிறத்தில் தெளிவு இறங்கும். அவசரப்படுத்த முடியாத பண்டம் அது.

மதியம் மீ குவாங் சாப்பிட்டோம். மஞ்சள் சேர்த்த பட்டையான அரிசி நூடுல்ஸ்; சாறு கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மட்டுமே; இறாலும் பன்றியிறைச்சியும் வேர்க்கடலையும்; மேலே நொறுக்கிப் போட்ட எள் அப்பளம்; கூடவே பச்சையாக மெல்லியதாய் அரிந்த வாழைப்பூ. அன்று நான் சாப்பிட்டது தோளில் சுமந்து வந்த ஒரு பெண்ணிடம். நீண்ட மூங்கில் தண்டின் இரு முனைகளிலும் காவடி போல இரண்டு கூடைகள்: ஒன்றில் கனலும் அடுப்பும் சட்டியும், மற்றொன்றில் கிண்ணங்களும் நூடுல்ஸும் தழைகளும் இரண்டு குட்டி முக்காலிகளும். ஒரு கடையின் மொத்தமும் அந்த ஒற்றைத் தோளில் இருந்தது. சைரன் ஒலித்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். அடங்கியதும் திரும்ப வந்து உட்காரலாம். கடை வைத்திருந்தவர்கள் கடையை இழந்தார்கள். தோள் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஹனோய், ஞாயிறு

சைகோனிலிருந்து ஹனோயில் வந்து இறங்கியபோதெல்லாம் அன்று முதலில் உறைத்தது அமைதி. மோட்டார் வண்டிகள் இல்லை. சைக்கிள்களும் டிராம் வண்டியும் மட்டுமே. நடைபாதை ஓரங்களில் வரிசையாக ஓராள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு வட்டக் குழிகள், அவற்றுக்குச் சிமென்டு மூடிகள். வான்தாக்குதல் எச்சரிக்கை வந்தால் வழிப்போக்கர்கள் இறங்கிக்கொள்ள. குழந்தைகளில் பெரும்பாலோர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்.

தெருவோரத் தனியார் கடைகள் அங்கே மிகக் குறைவு. ஃபோ வேண்டுமானால் அரசு கடையில் வரிசையில் நிற்க வேண்டும். இறைச்சி பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலம். ஆகவே கிண்ணத்தில் நூடுல்ஸும் சாறும் வெங்காயத்தாளும் இருக்கும், இறைச்சி இருக்காது. ஹனோய் மக்கள் அதற்கு ஆளில்லா விமான ஃபோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அந்த நகரத்தைப் படமெடுக்க விமானி இல்லாத வேவு விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விமானி இல்லாத விமானம் பறப்பதுபோல் இறைச்சி இல்லாத ஃபோவும் நடமாடுகிறது என்பது பொருள். தலைக்கு மேல் பறந்ததையும் தட்டில் இல்லாததையும் ஒரே பெயரில் அடக்கிய அந்த மக்களின் நெஞ்சுரத்தை நான் வணங்குகிறேன். எனக்கு அந்தக் கிண்ணம் பெரும் நிறைவைத் தந்தது. இறைச்சி இல்லாததால் நான் தயங்காமல் சாப்பிட்ட ஒரே ஃபோ அது; வெறும் சாறில் வாட்டிய இஞ்சியும் அன்னாசிப்பூவும் எவ்வளவு தெளிவாக மணக்கும் என்பதை அதில்தான் அறிந்தேன்.

மாலையில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வந்து ட்ராங் தியென் தெருவில் ஐஸ்கிரீம் வாங்கினோம். 1958-இல் தொடங்கிய கடை. குச்சி ஐஸ்தான் அதன் சிறப்பு. போரின் போதும் அது இருந்தது; ராணுவ விடுப்பில் வந்த இளைஞர்கள் தாங்கள் மணக்கப்போகும் பெண்களோடு வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பச்சை நெல்லை முற்றுமுன்னே அறுத்து வறுத்து இடித்துச் செய்யும் கோம் என்ற இளம் அவல் சேர்த்த ஐஸ் எனக்கு, மகளுக்குப் பாசிப்பயறு. பிறகு, நுயென் ஹூ ஹுவான் தெருவில் இருக்கும் ஜாங் கடையில் முட்டைக் காப்பி. பால் கிடைக்காத 1946-ஆம் ஆண்டில், மெட்ரோபோல் விடுதியில் வேலை பார்த்த ஒருவர், முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றிப் பார்த்ததில் பிறந்தது. தட்டுப்பாடு நீங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் இவர்கள் பாலுக்குத் திரும்பவில்லை. சுவைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஹனோய், திங்கள்

இன்று காலை, பழைய கடைத்தெருப் பகுதியில் கோழி ஃபோ சாப்பிடும்போது, எதிரே பேத்தியுடன் வந்து அமர்ந்த பெரியவர் ஒருவரோடு பேச வாய்த்தது. பேத்தியும் என் மகளும் ஆங்கிலத்தில் பேசி எங்களுக்கு இடையே சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 1966-இல் ஆறு வயதில் அவரைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். சோற்றில் பாதிக்கு மேல் மக்காச்சோளமும் உலர்ந்த மரவள்ளியும் கலந்திருக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஹனோயிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். கைப்பிடியில் தொங்கும் பையில் ஒரு ரொட்டி இருக்கும். அதை நான்கு பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிப் போய்விடுவார். “எங்கள் அம்மா அந்த ரொட்டியில் ஒரு துண்டுகூட வாயில் போட்டு நான் பார்த்ததில்லை” என்றார். பேத்தி இதைச் சொல்லும்போது அவளுக்கே அது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

நான் அந்த ஆண்டுகளில் ஹனோயிலும் சைகோனிலும் சாப்பிட்டிருக்கிறேன் என்று அறிந்ததும், அவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “அங்கே அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?” என்று கேட்டார். அவருடைய பெரியப்பா குடும்பம் 1954-இல் தெற்கே போய்விட்டதாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதப் போக்குவரத்தும் அநேகமாக இல்லையாம். அவர்கள் பசியோடு இருந்தார்களா, வயிறார உண்டார்களா என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கால்வாய் ஓரத்துக் குடிசைகள், நொய்ச்சோறு, தோலும் வெங்காயத்தாளும், மூங்கில் தட்டிய பையன், நாரினால் அரிந்த பான் தேத் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஹியென் வூவோங் தெருவில் வடக்கத்தியர் வைத்த கோழி ஃபோ கடைகளைப் பற்றிச் சொன்னபோது, அந்தக் கிண்ணத்தில் என்னவெல்லாம் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயறு முளை, துளசி போன்ற தழைகள், இனிப்பான கருப்பு சாஸ் என்று நான் அடுக்க அடுக்க அவர் தலையை ஆட்டினார்.

“பயறு முளையா? ஹனோயிலிருந்து போனவர்களா போட்டார்கள்?” என்று கேட்டார். அங்கே போன சில ஆண்டுகளில் அவர்களும் பழகிவிட்டார்கள், தெற்கத்தியர் அது இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்றேன். சாறின் தெளிவை முளை கெடுத்துவிடும் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. எனக்கோ, இளமையில் நாக்குக்குப் பழகிய அந்த நறநறப்பு இல்லாத ஃபோ குறையாகவே தெரிகிறது, அதையும் சொன்னேன். அரை மணி நேரம் இதைப் பற்றியே வாதாடினோம். மொழிபெயர்த்துக் களைத்த பெண்கள் இருவரும் காப்பி வாங்கப் போய்விட்டார்கள். அவர் கடைக்காரரைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு கிண்ணம் கொடுக்கச் சொன்னார், முளை இல்லாமல்.